நவஹோ குழலும் என் வீட்டுக்காரரின் காதும்

போடியில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் தையல் மிஷின் இருக்கிறது. ஜாக்கெட் தைக்கும்போது பக்கத்தில் செல்போனில் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், போட்டிருந்த பாட்டு முடிந்து தானாகவே வேறொன்று ஆரம்பித்தது. கையில் துணி இருந்ததால் மாற்றவில்லை.

ஒரு குழல். நம் புல்லாங்குழல் மாதிரி குழைந்து ஓடவில்லை. ஒரு மூச்சு நீளத்துக்கு ஊதி, நிறுத்தி, காத்திருந்து மறுபடி ஊதியது. அடியில் ஒரு தோல்மேளம், அவசரமில்லாமல் நடப்பவரின் காலடி போல. பிறகு ஒரு ஆண்குரல், எனக்குப் புரியாத சொற்களைத் திரும்பத் திரும்பப் பாடியது. போனை எடுத்துப் பார்த்தேன். அமெரிக்காவின் பழங்குடிகளான நவஹோ மக்களின் இசை என்று போட்டிருந்தது. காற்றையும் மழையையும் மலையையும் நினைத்துச் செய்ததாம். அந்த ஜாக்கெட்டுக்குக் கை வைத்து முடிப்பதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். அவர் ஜீப் ஓட்டுகிறார். காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே போவார். வேலை விட்டதும் இறக்கிக் கொண்டுவருவார். இருபத்தைந்து வருஷமாக இதுதான் அவர் சோலி.

"இதைக் கேளுங்களேன்" என்று போட்டேன்.

"கொட்டு நல்லாருக்கு. பாடுற ஆளும் நல்லாத்தான் பாடுறான்" என்றார்.

"அந்தக் குழலு?"

"எந்தக் குழலு?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். குழல் மட்டும் தனியாக வரும் இடத்தை மறுபடி ஓடவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பாட்டு நின்னுருச்சா?"

குழல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிவியை அலறவிடுவது, அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் உட்கார்ந்திருப்பது, எல்லாம் அவர் குணம் என்றே நினைத்திருந்தேன். "வேணும்னே பண்றீக" என்று சொல்லி இரண்டு நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறேன். நினைக்க வெட்கமாக இருந்தது.

டாக்டரிடம் போகலாம் என்றதற்கு அவர் மசியவில்லை. "காதுல மிஷினை மாட்டிக்கிட்டு மலையேறுனா, வண்டியில வர்ற பொம்பளைக பயந்துக்குவாக." நானும் விட்டுவிட்டேன். ஆனால் தினமும் சாயங்காலம் வந்ததும் அவரே என் போனை எடுத்து, அந்தப் பாட்டைப் போட்டு, காதோடு அழுத்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். இடது காது, பிறகு வலது காது. ஒரு வாரம் கழித்து, "தேனிக்குப் போவோம்" என்றார்.

அங்கே காதைச் சோதித்த டாக்டரம்மா, வருஷக்கணக்காக எஞ்சின் சத்தத்தில் இருப்பவர்களுக்கு மெல்லிய, உயர்ந்த சுருதிச் சத்தங்கள்தான் முதலில் கேட்காமல் போகும் என்று விளக்கினார். சில வாரங்களில் காதுக் கருவி வந்தது. மாட்டிவிட்டு அந்த அம்மா ரசீதை மடித்தபோது இவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "பேப்பருக்கு இம்புட்டுச் சத்தமா?"

வீட்டுக்கு வந்து கைகால் கழுவி நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்பப் போடு."

குழல் வந்தது. அவர் முன்னால் குனிந்து கேட்டார். பாட்டுக்குரல் தொடங்கியதும் கையை உயர்த்தினார். "அதை விடு. திரும்பக் குழலுக்குக் கொண்டா." நான்கு தடவை கேட்ட பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஊதுறவன் மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆள் ஏற்றாத வண்டியில் இருவரும் பக்கத்து மலைக்கிராமமான குரங்கணிக்குப் போனோம். காப்பித்தோட்டம் தொடங்கும் இடத்தில் ஓரமாக நிறுத்தினார். நான் நவஹோ இசையைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் என் கையைத் தொட்டார்.

"நிறுத்து. இங்கன யாரோ விசிலடிக்கிறான்."

ஓடைப் பக்கம் இருட்டாக இருந்த மரத்தில் ஒரு குருவி. மனுஷன் யோசித்து யோசித்து விசிலடிப்பது போல நீளமாகக் கூவிக்கொண்டிருந்தது.

"இது இன்னும் இருக்கா?" என்றார். "மலையில குருவியெல்லாம் ஒழிஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தூறல் விழுந்தது. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். அவர் அவித்த முட்டை இரண்டையும் தானே தின்றுவிட்டு, அப்புறம்தான் என்னை நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

இப்போது அந்த இசை அவர் ஜீப்பிலும் ஓடுகிறது. முதல் நாள் வண்டியில் இருந்த பெண்கள், "இது எந்த ஊருப் பாட்டுண்ணே? ஒரு வார்த்தையும் வெளங்கல" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நவஹோன்னு ஒரு சனம். அவுக ஊர்லயும் மலை இருக்கு, மழை பெய்யுது" என்று சொல்லியிருக்கிறார்.

அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தமாகிவிட்டது. போடிமெட்டு வரைக்கும் நவஹோ. அதற்கு மேல் சினிமாப் பாட்டு.