பங்காளி வாங்கிய எம்.ஜி.

கோபாலபுரத்துத் தென்னந்தோப்புக்காரர் பூபதிராஜாவுக்குப் பழைய எம்.ஜி. கார் என்றால் உயிர். இரண்டே இருக்கை, மடக்கிவிடும் துணிக்கூரை, நீண்ட மூக்கு. பொள்ளாச்சியில் படித்த காலத்தில் அப்படி ஒன்றின் அருகில் நின்றிருக்கிறார். அதன்பின் எல்லாம் புத்தகத்திலும் வீடியோவிலும்தான். வாங்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் தோப்பில் வெள்ளை ஈ வந்தது. இல்லாவிட்டால் போர்வெல் வற்றியது.

அப்படி ஒரு காரை வாங்கப்போவதாகச் சித்தப்பா மகன் கௌசிக் வந்து சொன்னான். கஞ்சிக்கோட்டு நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்றுக் கையில் பணம் வைத்திருந்தான். ஒரு காரின் பானெட்டைக்கூட அதுவரை திறந்து பார்த்தவனில்லை.

“சித்திரபுரத்துல நிக்குதுங்ணா. செகப்புக் கலரு. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். கூட வந்து பாத்துச் சொல்லுங்ணா.”

“அதுக்கென்ன, போலாம்” என்றார் பூபதிராஜா. அன்று சோறு இறங்கவில்லை. “அதை ஓட்டவாச்சும் தெரியுமா அவனுக்கு?” என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறையூர் தாண்டி மலையேறும்போது, கார் துருப்பிடித்து இற்றுப்போயிருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.

சித்திரபுரத்தில் ஜோபி என்ற மலையாளி தம் அப்பாவின் காரை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளி நிறுத்தியிருந்தார். பூபதிராஜா முதலில் பானெட்டைத் தொட்டார். குளிர்ந்திருந்தது, ஆள் வருவதற்குள் ஓட்டிச் சூடேற்றிக் கோளாறை மறைக்கும் தந்திரம் நடக்கவில்லை. ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. ஆயில் எரிந்து நீலப் புகை வருகிறதா என்று பின்னால் போய் நின்றார். வரவில்லை. ஆயில் பிரஷர் முள் நிமிர்ந்து நின்றது. சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யும் ஒத்துப்போயின. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவருக்கு வயிறு எரிந்தது.

“சூப்பரா இருக்குதில்லீங்ணா?” என்று கௌசிக் ஸ்டியரிங்கைத் தடவினான்.

பூபதிராஜா பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். கதவுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடும் இரும்புப் பெட்டியில் வைத்தார். கூரையில்லாத காரின் பாரத்தையெல்லாம் தாங்குவது அதுதான். காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. பெயிண்டுக்கு அடியில் ஓட்டையை மறைக்க வெறும் பட்டி பூசியிருந்தது. தரைவிரிப்பைத் தூக்கினார், உள்ளே ஈரமும் பொடிந்த துருவும். சந்தோஷத்தில் ஒரு பிடி துருவை அள்ளிக்கொண்டார்.

“வேண்டாம் கௌசிக். முதுகெலும்பே இத்துப்போச்சு.”

கௌசிக் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். “உங்களுக்குப் பொறுக்கலீங்ணா. வர்றப்பவே மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத்தான் வந்தீங்க.”

அது உண்மை என்பதால் பூபதிராஜாவால் கோபப்பட முடியவில்லை. துருவும் உண்மை. அதை எப்படி நம்பவைப்பது? ஜாக்கியை எடுத்து ஒரு பக்கத்தைத் தூக்கினார். “இப்பக் கதவைத் தெற.”

கௌசிக் இழுத்தான். கார் நடுவில் வளைந்து, கதவு இடுக்கில் இறுகிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்தும் வரவில்லை.

“எனிக்கு இது தெரியாது சாரே” என்றார் ஜோபி. அவர் முகம் வெளுத்திருந்தது.

திரும்பும் வழியெல்லாம் பூபதிராஜாவுக்கு வேறொரு யோசனை ஓடியது. இனி அந்தக் காரை யாரும் கேட்கமாட்டார்கள். தானே வாங்கிச் சரிசெய்துகொள்ளலாம். அடுத்த வாரம் துணிந்து ஜோபிக்குப் போன் செய்தார்.

“நிங்கட தம்பி நேத்தே கொண்டுபோயல்லோ! தகடு மாத்துற செலவைக் கழிச்சுத்தான் கொடுத்தேன். நீங்க காட்டிக் கொடுத்தது நல்லதாப் போச்சுன்னு சொன்னார்.”

தன் வாயாலேயே அவனுக்கு மலிவாக வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தபோது, போனைக் கட்டிலில் வீசிவிட்டுத் தோப்புக்குள் போய் நின்றார்.

மழை முடிந்ததும் கார் வந்தது. கோயம்புத்தூரில் கௌசிக் அடித்தகடு முழுக்க மாற்றியிருந்தான். சாவியை நீட்டினான். “அன்னைக்கு ஏதோ பேசிப்போட்டனுங்ணா, மனசுல வெச்சுக்காதீங்க. மொதல்ல நீங்க ஓட்டுங்க.”

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். உட்கார்ந்துவிட்டார். தென்னை வரிசைக்கு நடுவே கார் சீறிப்போனது. செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் சிரித்தபடி அருகில் வந்தார்.

“வண்டி ஆருதுங்க?”

“என்னுதுதானுங்க” என்றார் பூபதிராஜா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கௌசிக் ஆமாம் என்று தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டார், “எப்படிங்க இருக்குது வண்டி?”

“கியர் கொஞ்சம் கடுசு” என்றார். வெண்ணெய் போல விழுந்த கியர் அது.