சக்கரத்தை விசாரிப்பவர்

டயரின் உள்விளிம்பில் உள்ளங்கையை வைத்து முன்னிருந்து பின்னாக ஒருமுறை தடவுகிறார். பிறகு பின்னிருந்து முன்னாக. போகும்போது வழவழப்பாகவும் வரும்போது ரம்பம் போலவும் இருந்தால் சக்கரம் கோணலாக ஓடியிருக்கிறது என்று பொருள். கை டயரில் இருந்தாலும் கண் வண்டியை ஓட்டி வந்தவரின் முகத்தில்தான் இருக்கும். “எதுல இடிச்சீங்க?” என்பார். எதிலும் இடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போச்சு. “எதுலயும் இடிக்காத வண்டி என்னைப் பாக்கணும்னு ஆசைப்பட்டு வந்துச்சாக்கும்.”

வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவர் தொழில். பக்கத்து பெயின்ட் கடைக்காரர் அவருக்கு வைத்த பெயர் வக்கீல். குறுக்கு விசாரணை இல்லாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பதைத் தாண்டிய ஒடிசலான மனிதர். பேசும்போது தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்வார், நாம் சொல்வதை ஒரு காதுக்கு மட்டும் அனுமதிப்பவர் போல.

காற்றழுத்தம் பார்க்க மூன்று கருவிகள் வைத்திருக்கிறார். ஒன்றையும் நம்புவதில்லை. எந்த இரண்டு ஒத்துப்போகின்றனவோ அவற்றின் அளவை எடுத்துக்கொண்டு மூன்றாவதை அன்று முழுவதும் முறைத்துக்கொண்டிருப்பார். போன் அடித்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். எதிராளி முதலில் வாயைத் திறக்க வேண்டும். மனைவி கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைப்பார். “விஷம் வைக்கிறதா இருந்தா கல்யாணமான புதுசுலயே வெச்சிருப்பேன், இத்தனை வருஷமா சமைச்சு ஓய்ஞ்சிருக்க மாட்டேன்” என்று அந்த அம்மாள் ஒருநாள் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனதாகப் பெயின்ட் கடைக்காரர் சொன்னார். மகளுக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு அவர் வந்த காரின் டயர்களைப் போய்க் குனிந்து பார்த்தாராம். அதை அவர் மறைப்பதும் இல்லை. “நாலும் ஒரே சீரா தேஞ்சிருந்துச்சு. சரின்னுட்டேன்.”

சென்ற வாரம் என் தம்பியின் காரை அவரிடம் கொண்டுபோனோம். நடைபாதைக் கல்லில் மோதியதிலிருந்து ஸ்டீயரிங் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. தம்பி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மகள் வேலைக்குப் போவதால் பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் அவன்தான். அன்று பள்ளி விடுவதற்குள் வண்டி தயாராக வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியாது. யாரும் அவனை ஏமாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளக் கூடப் போனேன்.

நாய் குறுக்கே வந்ததால் ஒதுக்கினேன், கல்லில் ஏறிவிட்டது என்றான் தம்பி.

“என்கிட்ட வர்ற எல்லாருக்கும் நாய்தான் குறுக்க வருது” என்றார் வக்கீல். “மாமியார் குறுக்க வந்தாங்கன்னு ஒருத்தர்கூடச் சொன்னதில்ல.”

இடப்பக்க டயர்களின் ஓரத்தைத் தடவினார். ரிம்மைத் தடவினார். கதவின் அடிப்பக்கத்தையும் பக்கக் கண்ணாடியின் முதுகையும் தடவினார். பழைய சிராய்ப்பே இல்லை, எல்லாம் புதிது. ஆனால் ஒரே அடியில் விழுந்தவையும் அல்ல. “ஒரு நாய் இல்ல சார். ஒரு மந்தையே வந்திருக்கு” என்றவர், வேறெதையோ கேட்பது போலக் குனிந்து தம்பியின் வாயருகே மூச்சை இழுத்தார். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. இருமல் மருந்தையே பயந்து பயந்து குடிப்பவன் அவன். வக்கீல் சளைக்கவில்லை. வாசனை இல்லாததும் உண்டு என்றார்.

வண்டியை உயரத் தூக்கி, முன்சக்கரத்தைத் திருப்பும் டை ராட் வளைந்திருக்கிறது, மாற்றாமல் அலைன்மென்ட் நிற்காது என்றார். இந்த வசனத்தை நான் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். அவரிடமிருந்த சாக்பீஸை வாங்கி, கழற்றுவதற்கு முன்பே அந்த ராடில் ஒரு கோடு போட்டேன். வேறு வண்டியின் கோணல் ராடை எடுத்துவந்து காட்டக் கூடாதல்லவா? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சாக்பீஸைத் திரும்ப வாங்கி, என் கோட்டுக்குப் பக்கத்தில் தானும் ஒரு கோடு போட்டார். நான் மாற்றிவிடுவேன் என்று நினைத்தார் போலும். கழற்றிய ராடைச் சிமென்ட் தரையில் உருட்டிக் காட்டினார். அது குதித்துக் குதித்துப் போனது. இரண்டு கோடுகளும் அதில் இருந்தன.

புதிய ராடை மாட்டி, சக்கரங்களில் கோணம் அளக்கும் தகடுகளைப் பொருத்தி, திரையில் சிவப்பாக இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பச்சைக்குக் கொண்டுவந்தார். கடைசியில் சோதனை ஓட்டம். அதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. இடித்தவர்தான் ஓட்ட வேண்டும். வக்கீல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வார். நேராகப் போகிறது என்று இடித்தவரின் வாயாலேயே வாங்கிக்கொண்ட பிறகுதான் விடுவார். நாளைக்கு வந்து அப்போதே இழுத்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அதற்குமுன் டீ வந்தது. எனக்கு ஒன்று கொடுத்தார், தம்பியின் டம்ளரை அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே, அவனுக்கு இடப்பக்கம் வைத்தார். தாம் ஒன்றை எடுத்துக்கொண்டார். நாங்கள் பாதி குடித்திருப்போம். தம்பி சிரித்துக்கொண்டே, “என்னங்க, எல்லாருக்கும் டீ, எனக்கு மட்டும் கிடையாதா?” என்றான்.

வக்கீல் கண்ணைச் சுருக்கினார். தன்னைக் கிண்டல் செய்கிறான் என்று அவருக்கு எண்ணம். நான் எழுந்துபோய் டம்ளரை எடுத்து அவனுடைய வலப்பக்கம் வைத்தேன். உடனே எடுத்து ஊதிக் குடித்தான். இப்போதுதான் வந்ததா என்று கேட்டான்.

முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபோது இதை நான் பார்த்திருக்கிறேன். மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டால் சிலருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாமல் போய்விடும். கண் பார்க்கும், மூளை சட்டை செய்யாது. தங்களுக்கு ஏதோ குறை என்பதும் அவர்களுக்குத் தெரியாது. காலையில் அவன் தட்டின் இடப்பாதியில் சாப்பாடு அப்படியே இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அவனுடைய காரில் பேத்தி உட்காருவது பின்சீட்டில், இடப்பக்கம்.

வக்கீலைத் தனியே கூப்பிட்டு, அவனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

அவர் தலையைச் சாய்த்தார். “அம்மா, வண்டி யார் பேர்ல இருக்கு?”

தம்பி பேரில்தான் என்றேன்.

“அப்ப சாவிய அவர்கிட்ட குடுக்காதேன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க? அக்கா தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும். நான் அதுல மாட்டக் கூடாது.”

வேறொருவராக இருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். நானும் அவருடைய ராடில் கோடு போட்டவள்தானே. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பார்த்தார். ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு தம்பியின் இடப்பக்கம் போய் நின்று, இதைக் கொஞ்சம் பிடியுங்கள் சார் என்று நீட்டினார். தம்பி வலப்பக்கம் திரும்பித் தேடினான். வக்கீல் அவனுக்கு முன்பக்கமாக ஓரடி நகர்ந்தார். இன்னும் ஓரடி. அவனுடைய மூக்குக்கு நேரே ஸ்பானர் வந்து அதையும் தாண்டிய பிறகுதான், “அட, இங்கயா இருக்கீங்க” என்று கையை நீட்டினான். ஒரு தடவையில் நம்பிவிடுவாரா? பின்னால் சுற்றிப்போய் முதலிலிருந்து மறுபடியும் செய்தார். ஸ்பானர் அதே இடத்துக்கு வந்த பிறகுதான் தம்பிக்குத் தெரிந்தது.

நான் தம்பி மகளுக்குப் போன் செய்து, வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகச் சொன்னேன். அது தம்பியின் காதில் விழுந்துவிட்டது. “எதுக்கு அக்கா அவளைத் தொந்தரவு பண்றே? நான்தான் இருக்கேனே. குழந்தை வாசல்ல என்னைத்தான் தேடும்.” பிறகு வக்கீலிடம் திரும்பி, நேரமாகிறது, சாவியைக் கொடுங்கள் என்று வலது கையை நீட்டினான்.

சாவி வக்கீலின் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. கிரீஸ் கையைப் பழந்துணியில் விரல் விரலாகத் துடைத்தார். தம்பியின் வலப்பக்கமாக வந்து, நீட்டிய கையில் தம் கையை வைத்து, “இன்னிக்கு ஓட்டறது நான் சார், மொதல்ல ஆஸ்பத்திரிக்கு” என்றபடி அவனைப் பெஞ்சிலிருந்து மெல்லத் தூக்கிவிட்டார்.