ஆள் முடிச்சு

இந்த நாட்டில் வண்டிக்கு நாக்கு உண்டு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீட்டுவண்டியின் முகப்பில், இரண்டு இரும்புச் சட்டங்கள் முக்கோணமாகச் சேர்ந்து ஒரு கொக்கியில் முடியும் இடத்தை இவர்கள் ‘டங்’ என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் டேல் வந்து, உன் நாக்கில் எவ்வளவு பாரம் என்று கேட்டபோது, கனடாவில் பதினாறு வருடம் குப்பை கொட்டிய பிறகும் எனக்குப் புரியவில்லை. என் ஆங்கிலம் கனமாக இருக்கிறது, விளங்கவில்லை என்று நாசூக்காகச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். எதற்கு மன்னிப்பு என்று அவர் விழித்தார். ஜன்னலோரம் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்த என் மனைவி லூர்து மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். “நாக்குல பாரம் இருந்திருந்தா இந்த மனுசன் எப்பவோ மேனேஜர் ஆயிருப்பாருன்னு சொல்லுங்க அவராண்ட.”

வீட்டுவண்டியை வாங்கியதே அவளுக்காகத்தான். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டிருந்தது. காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர். என்ன வேண்டும் என்று நான் கேட்டதற்கு லூர்து மாற்று மருத்துவம் கேட்கவில்லை, ஊருக்குப் போகணும் என்றும் கேட்கவில்லை. விமானத்தில் அத்தனை மணி நேரம் தாங்காது என்று அவளுக்கே தெரியும். “பதினாறு வருசமா கோதுமையையே பாத்துக்கினு கெடக்கறேன். ஒருவாட்டி கடல்ல காலு நனைக்கணும்” என்றாள். அவள் பாகூர்ப் பக்கத்துப் பெண். சைக்கிள் மிதித்தால் நரம்பை என்ற மீனவக் கிராமத்துக் கடல் வந்துவிடும் ஊர். நாங்கள் வந்து சேர்ந்த இந்தச் சமவெளியிலோ எந்தத் திசையில் போனாலும் இரண்டு நாளைக்குக் கடல் கிடையாது.

ஆக்சிஜன் மெஷினுக்கு இரவு முழுக்கக் கரண்ட் வேண்டும். பேட்டரி நான்கு மணி நேரம் தாங்கும். மலைப்பாதையில் தங்கும் இடங்களில் பிளக் பாயின்ட் கிடையாது. ஆகவே ஒரு ஜெனரேட்டர். பெட்ரோல் வாடை அடிக்கும் அதை அவள் மூச்சு விடும் வண்டிக்குள் ஏற்ற முடியாது. மிச்சமிருந்த ஒரே இடம் நாக்குதான். அவளுடைய மூச்சு வெளியே, மழையிலும் புழுதியிலும், ஒரு நாக்கின் மேல் உட்கார்ந்து வரப்போகிறது. அதை நான் கட்ட வேண்டும்.

கட்டத் தெரிந்தவன்தான் நான். என் அண்ணன் அருளு ஒதியம்பட்டில் லைட்டு செட்டு வைத்திருக்கிறான். மாதா தேர்பவனி, கல்யாண ஊர்வலம், சாவு எதுவானாலும், கூடவே டிராக்டர் டிப்பரில் அவனுடைய ஜெனரேட்டர் போகும். இங்கே வருவதற்கு முன் ஏழு வருடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து போனவன் நான். அண்ணன் போடும் முடிச்சு ஒன்று உண்டு. ஒரு முனையை வெடுக்கென்று இழுத்தால் மொத்தக் கட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். கூட்டத்துக்கு நடுவில் ஜெனரேட்டர் தீப்பிடித்தால் ஒரே இழுப்பில் தள்ளிவிட வேண்டும் என்பதற்காக. அதற்கு அவன் வைத்த பெயர் ஆள் முடிச்சு. கயிறு சும்மா பேருக்கு. நிஜமாகப் பிடித்திருப்பது உட்கார்ந்திருக்கும் ஆளின் கால். பாதத்தை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டால் போல்ட் தளர்வது, ஆயில் குறைவது எல்லாம் உள்ளங்காலுக்கே கேட்கும். இப்படி ஒரு பவனியில்தான், ஜெபமாலையும் கையுமாகப் பின்னால் நடந்து வந்த லூர்து டிப்பரை நெருங்கி, “யோவ், பொகைய அந்தாண்ட திருப்பு. நாங்க பாடறதா, இருமறதா?” என்று கேட்டாள். திருப்பினேன். பல வருடம் கழித்து, நீங்கள் புகை சுவாசிக்கும் வேலை ஏதும் செய்தீர்களா என்று டாக்டர் லூர்துவைக் கேட்டபோது, இல்லை என்று அவள் தலையசைத்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேல் இரண்டு ஆரஞ்சு நிறப் பட்டைகளும் ஒரு சங்கிலியும் பூட்டும் கொண்டு வந்தார். பட்டையை மாட்டி, பிடியை இழுத்து இழுத்து இறுக்க வேண்டும். இறுக்கினால் ஜென்மத்துக்கும் அசையாது என்றார். சங்கிலி திருடர்களுக்கு. இறங்கிச் சாப்பிடப் போன நேரத்தில் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானாம். வண்டி ஓடும்போது யாராவது அதன் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அது சட்டப்படி குற்றம், அதோடு பைத்தியக்காரத்தனம் என்றார். பிறகு அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன்.

“யாருடா பக்கத்துல உக்காருவா?”

“யாரும் உக்காரக் கூடாதாம்ணா.”

“அப்போ அது தனியாவா வரும், அவ்ளோ தூரம்? பாவம்டா அது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “செரி, நம்ம முடிச்சே போடு. ரெண்டா போடு. அடிக்கடி எறங்கிப் பாத்துக்கோ” என்றான்.

அவன் பார்க்கப் பார்க்கக் கட்டினேன். டேலின் மனம் கோணக்கூடாது என்று சங்கிலியையும் பூட்டையும் போட்டேன். பட்டைகளை உறை பிரிக்காமல் ஷெட்டில் வைத்துவிட்டேன். ஏன் என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். இந்த ஊரில் பனி அள்ளுவது முதல் மாவு வாங்குவது வரை எல்லாவற்றையும் யாரோ ஒருவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இது ஒன்றாவது எனக்குத் தெரிந்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன். என்னைப் போல வந்தவர்களுக்கு இந்த வீம்பு விளங்கும்.

முதல் நாள் மணிக்கொரு தரம் நிறுத்தி, இறங்கி, ஜெனரேட்டரின் மேல் காலை அழுத்திப் பார்த்தேன். இரண்டாம் நாள் மலையில் மழை. வெகு நாளைக்குப் பிறகு லூர்து காரின் பின்சீட்டில் இருமாமல் தூங்கினாள். வண்டியை நிறுத்தினால் விழித்துவிடுவாள் என்று நிறுத்தாமல் ஓட்டினேன். எதிரே வந்த லாரிக்காரர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து ஹாரன் அடித்தார். இந்த ஊரில் வழியில் பார்ப்பவர்களெல்லாம் வணக்கம் சொல்வார்களே, அப்படித்தான் என்று நினைத்துக் கையசைத்தேன். இன்னொருவர் அடித்தார். அவருக்கும் அசைத்தேன். மூன்றாவது ஆள் முந்தி வந்து ஜன்னலை இறக்கிக் கத்திய பிறகுதான் ஓரங்கட்டினேன்.

பூட்டு அப்படியே இருந்தது. சங்கிலியும் அறுபடவில்லை. அதன் முனையில் ஜெனரேட்டர் தரையில் கிடந்தது, அடிவயிறு முழுக்கத் தேய்ந்து, டேங்க் கிழிந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல். கயிற்றின் நுனி மழையில் சொட்டிக்கொண்டிருந்தது. முடிச்சின்மேல் குற்றம் சொல்ல முடியாது. வண்டியின் அதிர்வு முனையைப் பிடித்து இழுத்திருக்கிறது. இழுத்தால் அவிழ வேண்டும் என்றுதானே அதைப் போடுகிறோம்.

லூர்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்து பார்த்தாள். “உங்கண்ணன் சொன்ன மாதிரிதான். பாவம், தனியா வந்துக்கீது.”

இன்னும் ஒரு நாள்தான், எப்படியாவது போய்விடலாம் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. முன்னால் மலைதான். பின்னால் இரண்டு மணி நேரத்தில் ஓர் ஊர், ஓர் ஆஸ்பத்திரி. அவள் தோளில் தொங்கிய பேட்டரியைத் திருப்பிப் பார்த்தாள். நான்கு விளக்கில் இரண்டு எரிந்தது.

“வண்டியத் திருப்புங்க” என்றாள்.

திரும்பினோம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அண்ணன் கூப்பிட்டான். நான் அடுக்களையில் இருந்தேன். போனை எடுத்தது அவள். உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நின்றேன். “பாத்தேன் மாமா. ஆமா, எறங்கி நின்னேன். நம்ம நரம்பைக் கடலாட்டமே இருக்குது. கரை பூரா சவுக்கு. படகெல்லாம் மணல்ல இழுத்து வுட்டிருக்காங்க.” மூச்சுக்காக நிறுத்தினாள். “உங்க தம்பி கட்டுன கட்டு அசையவே இல்ல மாமா.” அடுக்களைக்கு அவள் வரவில்லை. நானும் கூடத்துக்குப் போகவில்லை.

முதல் பனி விழுந்த வாரத்தில் அவள் போய்விட்டாள். குளிரில் மண் இறுகியிருந்ததால் இயந்திரம் வைத்துக் குழி தோண்டினார்கள். சில நாள் கழித்து, வாசலில் பனி தள்ள என் ஷெட்டில் மண்வெட்டி எடுக்கப் போன டேல், உறை பிரியாத பட்டைகளைப் பார்த்திருக்கிறார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, பட்டைகள் இருந்த பலகை மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டுப் போனார்.

இந்தக் கோடையில் நான் மட்டும் போனேன். வண்டியில் மெஷின் இல்லை, நாக்கில் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கடல் வந்தது. சாம்பல் நிறம், ஐஸ் போன்ற தண்ணீர், கரையெல்லாம் கூழாங்கல்லும் அலை ஒதுக்கிய பெரிய பெரிய மரத்துண்டுகளும். செருப்பைக் கழற்றி நின்றேன். அண்ணன் ஊரில் அப்போது காலை எட்டரை மணி இருக்கும். அண்ணன் வீடியோவில் வந்தான். அவன் பின்னாலும் அலைச் சத்தம். நரம்பைக் கரையில் நின்றிருந்தான், நான் கடலுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்ததால் அவனும் வந்திருக்கிறான்.

“எங்கடா, லூர்து நின்ன எடத்தக் காட்டு” என்றான்.

போனைத் திருப்பினேன். கல்லையும் மரத்தையும் அவன் வெகுநேரம் பார்த்தான்.

“அந்தப் பொண்ணு சவுக்கு இருக்குதுன்னு சொல்லுச்சே. படகு இருக்குதுன்னு சொல்லுச்சே.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “அது இன்னும் கொஞ்சம் தூரம்ணா” என்றேன்.

“செரி, நட. நான் லைன்லயே இருக்கறேன்.”

போனை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன், இந்தக் கடற்கரையின் எந்த மூலையிலும் இல்லாத ஒரு சவுக்குத் தோப்பைத் தேடி.