ஏற்றத்தில் எடுத்த தண்ணீர்

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குப் பின்னால் ஓடும் கால்வாய் காயலில் கலந்து கடலுக்குப் போகிறது. எல்லா வீட்டுச் சோப்புத் தண்ணீரும், கக்கூஸ் தண்ணீரும், முனையில் இறால் உரிக்கும் கொட்டகையின் கழுவலும் அதில்தான். அதைத் தின்று பாசி கொழுக்கும். பாசி அழுகினால் மீனுக்கு மூச்சு முட்டும். போன வருஷம் பக்கத்து வீட்டு அக்கா காயலில் கூண்டு போட்டு வளர்த்த கரிமீன் மொத்தமும் ஒரே காலையில் செத்து மிதந்தது. அக்கா அழவில்லை. வாளியில் அள்ளிக் குழியில் கொட்டினாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

காயலுக்குப் போகும் கழிவைக் குறைக்கத் திட்டம் போடுகிறார்கள், கால்வாய்த் தண்ணீரைச் சோதித்து, மோசமானவற்றுக்கு முதலில் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டேன். காக்கநாட்டு கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறிப் போய், சோதிக்க வேண்டியவற்றில் எங்கள் கால்வாயையும் எழுத வைத்தேன். தண்ணீர் எடுக்க வரும் அதிகாரி என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. கடல் இறங்கும் நேரத்தில் எங்கள் கால்வாய் வெறும் கறுப்புச் சேறு. நாற்றம் குடலைப் பிடுங்கும். வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதா? கடல் ஏறி, கால்வாய் நிரம்பிய பிறகுதான் ஒவ்வொரு முறையும் போன் செய்தேன். “இப்ப வாங்க சார், தண்ணி நல்லா ஏறியிருக்கு.” படியைக் கழுவி வைத்தேன். சாயாவும் பழம்பொரியும் கொடுத்தேன். அவரும் கால் நனையாமல் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனார். படித்த மனுஷன், அவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா?

பட்டியல் வந்தது. எங்கள் கால்வாய்க்கு நேராக ‘நல்ல நிலை’ என்று போட்டிருந்தது. முதல் கட்டத்தில் நாங்கள் இல்லை.

மறுபடியும் காக்கநாடு. “அது கடல் தண்ணி சார். எங்க தண்ணியை நீங்க எடுக்கவே இல்ல. இறக்கத்துல வந்து எடுங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். “சேச்சி, நீங்க பறஞ்ஞ நேரத்துக்குத்தானே ஒவ்வொரு தடவையும் வந்தேன்? பட்டியல் மேல போயாச்சு. இனி அடுத்த திட்டத்துல பாக்கலாம்.”

வீடு திரும்பும்போது கால்வாய் வற்றிக் கிடந்தது. அக்கா படியில் உட்கார்ந்து கூண்டு வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் புது மீன்குஞ்சு வருகிறதாம்.

“குஞ்சு விடாதீங்க அக்கா.”

“ஏன்? போன காரியம் என்னாச்சு?”

“நம்ம தண்ணி நல்லா இருக்குன்னு எழுதிட்டாங்க. அப்படி எழுத வச்சது நான்தான்.”

அக்கா ஊசியை வலையிலேயே குத்திவைத்துவிட்டு உள்ளே போனாள்.