ஏழு முழத்தில் நின்ற புடவை

என் பெண் பிறந்த எட்டாம் நாள், அவள் உடம்பு அம்மிக்கல் போலச் சில்லிட்டுக் கிடந்தது. அப்போது நான் பத்தடி தூரத்தில், கரி அடுப்பின் பக்கத்தில் கதகதப்பாக உட்கார்ந்து தறி நெய்துகொண்டிருந்தேன். படவேட்டுத் தாயை நம்புகிறவர்களே, இதைச் சொல்லாமல் என் சாட்சியைத் தொடங்கினால் அது பொய்யாகிவிடும். தாய் செய்த நன்மையைச் சொல்வதற்கு முன் நான் செய்த பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. ஆரணியில் பட்டு நெசவு. முன்கோபக்காரன், பிடிவாதக்காரன் என்று தெருவே சொல்லும். எனக்கும் மல்லிகாவுக்கும் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. முதல் பிள்ளை பிறக்கும்போதே உயிரில்லை. இரண்டாவது, ஆண் பிள்ளை, பதினோரு நாள் இருந்தான். அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. புதைத்துவிட்டு வந்த அன்று மல்லிகா அழவில்லை. தொட்டில் கட்டிய கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, பரணில் வைத்தாள். அதைப் பார்த்து நான்தான் அழுதேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவள் மூன்றாவது முறை உண்டானாள். படவேட்டுக்குப் போய்த் தாயின் முன்னால் நின்று, "இந்தப் பிள்ளை தங்கினால் போதும், என் கையாலேயே உனக்குப் பட்டுப் புடவை நெய்து சாத்துகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிறந்த பிறகு சாத்துவதுதான் வழக்கம். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது! முன்னாலேயே கொடுத்துவிட்டால் தாயால் மறுக்க முடியாது என்று என் புத்தி கணக்குப் போட்டது. ஐப்பசி கடைசியில் கையில் விரதக் காப்புக் கட்டிக்கொண்டு, மஞ்சள் நிறத்தில் சிவப்புக் கரை வைத்து ஒரே ஒரு புடவைக்கு நெடுக்கு நூலான பாவு ஏற்றினேன். பன்னிரண்டு முழம். ஒரு வேளைச் சாப்பாடு. விடியலில் குளித்து ஈர வேட்டியோடுதான் தறிக்குப் போவேன். பிரசவத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை. கால் வைத்து மிதிக்கும் தறிக்குழியில் தண்ணீர் ஊறியது. ஈரக்காற்றில் பட்டு நமத்துப் போனால் இழை இழையாக அறும். ஒரு நாளைக்கு அரை முழம் ஏறுவதே பெரும்பாடு. பாவு நமக்காமல் இருக்கத் தறி அறையில் கரி அடுப்பு மூட்டி வைத்தேன். புடவை நான்கு முழம்கூட ஏறவில்லை, மல்லிகாவுக்கு ஒரு மாதம் முந்தியே வலி எடுத்துவிட்டது.

பெண் பிறந்தாள். என் உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் போல இருந்தாள் என்று என் அக்கா வந்து சொன்னாள். பட்டம்மா அக்கா புருஷனை இழந்தவள், எங்களோடுதான் இருந்தாள். எங்களுக்கு அவள் சொன்னதுதான் சட்டம்.

"காப்புக் கட்டின கையிடா ஏழுமல. காப்பு இருக்கற வரிக்கும் உன்னத் தீட்டு அண்டாது. ஆனா புள்ளையையும் பெத்தவளையும் தொட்டுட்டேன்னா தறியத் தொடக் கூடாது. ஆத்தா புடவ பாதியில நின்னுடும். பாதிப் பாவு அறுந்தா வம்சம் அறும்னு தெரியுமில்ல?"

தெரியும். எங்களில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவனுக்கு அந்தச் சொல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "சரிக்கா" என்றேன்.

தாயையும் சேயையும் பின்பக்கத்து ஓலைச் சார்ப்பில் படுக்க வைத்தாள் அக்கா. அவர்கள் மேல் பட்ட துணியையெல்லாம் தினமும் நனைத்துப் போட வேண்டும். அக்காவும் உள்ளே போய் வந்தால் தலை முழுகி, கட்டிய சேலையை நனைப்பாள். அந்த மழையில் எது காயும்? கொடியில் தொங்கிய துணி நாலு நாளானாலும் சொட்டியது. பிழிந்து பிழிந்து அதையேதான் குழந்தைக்குச் சுற்றினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே நடந்தது. பட்டு நமக்கக் கூடாது என்று பாவுக்கு நெருப்பு வைத்த எனக்கு, பிள்ளைக்கு ஒரு சட்டி நெருப்பு வைக்கத் தோன்றவில்லை.

முதல் மூன்று நாள் பூனைக்குட்டி போல அழுகுரல் கேட்டது. நான்காம் நாள் குறைந்தது. ஆறாம் நாள் சத்தமே இல்லை. "சாதுப் புள்ளடா, பாலக் குடிச்சிட்டுத் தூங்கிகினே கீது" என்றாள் அக்கா. எனக்குப் பெருமையாக இருந்தது. தாய் நம் விரதத்தை ஏற்றுக்கொண்டாள், அமைதியான பிள்ளையைக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகக் குறுக்கு நூல் நாடாவை ஓட்டினேன். மடையன்!

எட்டாம் நாள் காலை மல்லிகா சார்ப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கே இரண்டு நாளாகக் குளிர் காய்ச்சல், பல் கிட்டிக்கொண்டு பேசினாள்.

"இன்னாங்க, ஒரே ஒரு தபா வந்து தொட்டுப் பாருங்க. புள்ள வாயே தெறக்க மாட்டேங்குது. எனக்குப் பயமாக்கீதுங்க."

நான் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "இன்னும் அஞ்சு மொழந்தான் மல்லிகா. பொறுத்துக்க."

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. இரண்டாவது பிள்ளை போன அன்று எப்படி மௌனமாக இருந்தாளோ, அதே மௌனம். எனக்கு அது புரிந்தது. நாடா கை தவறி விழுந்தது. தறிக்குழியில் முழங்கால் வரை காலை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். கும்பிடவில்லை, சண்டை போட்டேன். "உனக்காகத்தானே நெய்கிறேன்? தொட்டால் உன் புடவை நிற்கும், தொடாவிட்டால் என் பிள்ளை போகும். என்னை இப்படி நடுவில் கட்டிப் போட்டு வேடிக்கை பார்க்கிறாயே, நீயும் பெற்றவள்தானே! எனக்கு ஒன்றும் தெரியவில்லை தாயே. யாரையாவது அனுப்பு. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு வாயை அனுப்பு."

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. மழை வலுத்தது. கொஞ்ச நேரத்தில் தெருக்கதவு தட்டப்பட்டது.

குடையை மடக்கிக்கொண்டு ஒரு நர்ஸம்மா நின்றிருந்தார்கள். எங்கள் பகுதிக்கு ஊசி போட வருகிறவர்கள், துலுக்க வீட்டம்மா. பெயர் மும்தாஜ். மழைக்கு ஒதுங்கியவர்கள் கொடியில் தொங்கும் குழந்தைத் துணியைப் பார்த்தார்கள்.

"பச்சக் கொழந்த கீற வூடா? அழுவற சத்தமே காணோமே. எத்தினி நாளு ஆச்சி?"

"எட்டு நாளுங்க. சாதுவான கொழந்தைங்க" என்றேன்.

அவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, தறி அறையின் நடுவாகவே பின்பக்கம் போனார்கள். "யம்மா, அங்க தீட்டு..." என்று அக்கா கத்தியது அவர்கள் காதில் விழவில்லை. போன வேகத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். நான் என் மகளை அன்றுதான் முதலில் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. முகம் கிழவி முகம் போலச் சுருங்கியிருந்தது. அழ வேண்டும் என்று வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

"சாதுவா? கொழந்த வெறச்சிப் போயி கெடக்குதுய்யா! இன்னா மனுசன் நீ? ஈரத் துணியச் சுத்தி வெச்சிகீறீங்க. பெத்தவளுக்கும் ஜொரம். வேலூருக்குப் போவணும், அது வரிக்கும் சூடு வேணும். ஜல்தி உன் மார்ல வெச்சிக் கட்டு. ஒடம்போட ஒடம்பா. காஞ்ச துணி ஒண்ணு குடு!"

வீடு முழுக்கத் தேடினோம். காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. என் வேட்டி ஈரம், அக்காவின் சேலை ஈரம், பாயும் ஈரம். அந்த வீட்டிலேயே உலர்ந்தும் கதகதப்பாகவும் இருந்த துணி ஒன்றே ஒன்றுதான். அது தறியில் இருந்தது.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தறிக்கு முன்னால் வந்து கையை விரித்துக்கொண்டு நின்றாள். "வேணாம்டா ஏழுமல. ஆத்தா கேப்பாடா."

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிறன். நவுரு" என்றேன்.

நூல் வெட்டும் கத்தியை எடுத்து முதலில் கையிலிருந்த காப்பை அறுத்தேன். அதே கத்தியால் பாவையும் அறுத்தேன். ஆயிரக்கணக்கான இழை பட்பட்டென்று விட்டுப்போகிற அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. வம்சம் அறும் என்ற சொல் நெஞ்சில் இடித்தது. கத்தியை நிறுத்தவில்லை.

ஏழு முழம் தேறியது. நர்ஸம்மா குழந்தையை என் வெற்று மார்பில் குப்புற வைத்தார்கள். ஐயோ, அந்தச் சில்லிப்பு! ஐஸ் கட்டியை வைத்தது போல என் மூச்சே ஒரு கணம் நின்றது. மேலே பட்டைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். மல்லிகாவிடம் பாலைப் பீய்ச்சச் சொல்லி, பாலாடையில் வாங்கிச் சொட்டுச் சொட்டாகக் குழந்தையின் வாயில் விட்டார்கள். "ஒண்ணுக்குப் போச்சா?" என்று கேட்டார்கள். "நேத்துலேர்ந்து போவலீங்க" என்றாள் மல்லிகா. "அப்போ பாலு உள்ள எறங்கவே இல்ல" என்றபடி பட்டின் முடிச்சை இன்னும் இறுக்கினார்கள்.

அக்கா மல்லிகாவைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மழையிலேயே பஸ் ஏறினோம். முன் சீட்டு காலியாக வேண்டும் என்று நர்ஸம்மா கண்டக்டரிடம் சத்தம் போட்டார்கள், கிடைத்தது. வழியெல்லாம் நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ள எனக்கு என்ன முகம் இருந்தது? அவள் புடவையை அறுத்தவன். இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மார்பில் அசைவு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சில நேரம் தெரியும். சில நேரம் தெரியாது. ஒரு இடத்தில் வெகு நேரம் தெரியவில்லை. மல்லிகாவிடம் சொல்லத் தைரியமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது என் வயிற்றின் மேல் சூடாக ஏதோ வழிந்தது. முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. குழந்தை மூத்திரம் பெய்திருந்தாள். தாய்க்கு என்று நெய்த பட்டு நனைந்து, என் வேட்டி நனைந்து, கால் வழியாக இறங்கியது. "மல்லிகா, ஒண்ணுக்குப் போய்ட்டாடி!" என்று அந்தப் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். மல்லிகா அன்றுதான், ஆறு வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதாள்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்து மூன்று நாள் இருந்தோம். கஷ்டம் அதோடு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பக்கத்துப் பெட்டியில் இருந்த போளூர்க்காரர் பிள்ளை நான்காம் நாள் இறந்துவிட்டது. அந்தத் தகப்பன் என் தோளில் சாய்ந்து அழுதார், என் பிள்ளை மூச்சு விடுகிறது என்ற வெட்கத்தோடு அவரைப் பிடித்துக்கொண்டேன். மல்லிகாவுக்குக் காய்ச்சல் இறங்கப் பத்து நாளானது. என் மகளுக்கு இடது காது இன்று வரை கேட்காது. அந்த எட்டு நாளின் விலை அது என்று எனக்குத் தெரியும். யார் மேலும் பழி போட மாட்டேன், அக்கா மேல்கூட. அவளும் பிள்ளை தங்க வேண்டும் என்றுதான் அதையெல்லாம் செய்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபத்து மூன்று நாளும் பகலில் பச்சைத் தண்ணீர்தான் அவளுக்கு ஆகாரம் என்று சொன்னால் நம்புவீர்களா?

ஊர் திரும்பியதும் நர்ஸம்மாவைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். அவர்கள் சிரித்துவிட்டார்கள். "நான் ஒங்க தெருவுக்கு வர வேண்டியதே இல்ல. அன்னிக்கி எனக்கு வேற எடத்துல வேல. குறுக்கால போறப்போ மழ வலுத்துச்சி, ஒங்க வாசல்ல ஒதுங்குனேன், அவ்ளோதான்" என்றார்கள். ஒரு மாதமாக நான் வாய் ஓயாமல் திட்டிய மழை! ஒரு வாயை அனுப்பு என்று கேட்டேன், தாய் அந்த மழையைத்தான் தூது விட்டிருக்கிறாள்.

தை மாதத்தில் மூவருமாகப் படவேடு போனோம். ஏழு முழப் பட்டை எத்தனை முறை அலசியும் கறை போகவில்லை. வேறு புடவை நெய்து எடுத்துப் போகலாம் என்றுதான் நினைத்தேன். மல்லிகா ஒப்பவில்லை. "இத்தத்தான் குடுக்கணும். திட்டுனா திட்டட்டும்" என்றாள். பூசாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பை அறுத்தது, ஐந்து முழம் குறைந்தது, கறை பட்டது, ஒன்றையும் மறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"ஏம்பா, உள்ள பாரு" என்றார் அவர். "எங்க தாயிக்கு இடுப்பு எங்க கீது, காலு எங்க கீது? சிரசு மட்டுந்தான கீது. பன்னண்டு மொழம் உன்ன யாரு கேட்டது? ஏழே ஜாஸ்தி."

வாங்கிக்கொண்டு போய்த் தாயின் சிரசைச் சுற்றிச் சாத்தினார். மஞ்சளும் சிவப்புமாக, குழந்தை முகம் போல முகம் மட்டும் வெளியே தெரிந்தது. என் மார்பில் என் மகள் இருந்த அதே கோலம். நடையிலேயே விழுந்து கும்பிட்டேன்.

தாயின் பெயரையே வைத்த என் மகள் ரேணுகா இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பிடிவாதத்தில் என்னைக் கொண்டிருக்கிறாள். கோபம் வந்தால் நான் தறியை விட்டு எழுந்துவிடுகிறேன், முன்பு போல இல்லை. விரதம் இருக்கிறேன், கோயிலுக்குப் போகிறேன், ஆனால் காப்புக் கட்டுவதற்கு முன் வீட்டில் இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது பச்சைக் குழந்தை இருந்து, அது அழாமல் கிடந்தால், என்னைப் போலப் பெருமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஓடிப் போய்த் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே படவேட்டுத் தாயைக் கூப்பிடுங்கள். கைகூப்ப முடியாதே என்று தயங்க வேண்டாம். அந்தப் பஸ்ஸில் நான் இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் எனக்குப் பதில் சொன்னாள்.