உயிரோடு இருக்கிற ஆளின் பழசு

கிறிஸ்மஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, நான் கையால் செய்து கொடுக்கிற பொருட்களைப் பற்றி எங்கள் சொந்தக்காரருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. எனக்கு வேறு வேலை இல்லை என்பதுதான் அது. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து, காலையில் போய்க் கையெழுத்து வைத்து, பகல் முழுக்கக் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, பின்னேரம் வந்து தையல் மெசினில் குந்துகிற எனக்கு வேலை இல்லையாம். கலியாணம் கட்டாத பொம்பிளை ஊசியை எடுத்தால் பொழுதுபோக்கு. கட்டினவள் எடுத்தால் குடும்பப் பொறுப்பு. இப்படிப் பிரித்து வைத்தது யார் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஆனால் மார்கழி பிறந்தால் போதும், எல்லோருக்கும் என் ஞாபகம் வந்துவிடும். ஒரு வீட்டுக்கு வாசலில் கட்ட நட்சத்திரம் வேண்டும். இன்னொரு வீட்டுக்குப் பாலன் குடிலுக்கு மலை வேண்டும். சீமெந்துப் பையைக் கசக்கிக் கரியும் பச்சையும் பூசி நான்தான் செய்ய வேண்டும். குடிலுக்குள் வயல் வைக்க, தகர டின்களில் நெல்லும் நான்தான் முளைக்க வைக்க வேண்டும். ஒரு வருடம் அந்த டின்களை வெளிச்சம் படட்டும் என்று வெளிமதிலில் வைத்தேன். திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு தெருவால் வந்து ஒரு முளை மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போய்விட்டன. அதற்கும் பேச்சு வாங்கினது நான். மானை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இவை எல்லாம் சில்லறை வேலைகள். என் மனம் இருப்பது போர்வையில். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணர் ஒருவர், வெட்டி மிஞ்சும் துண்டுகளை எனக்காக ஒரு சீனிப்பையில் சேர்த்து வைப்பார். பள்ளிக்கூடச் சீருடை வெள்ளை, அபாயாக் கறுப்பு, ஆரோ ஒரு மணப்பெண்ணின் சட்டைத் துணி, எல்லாம் அதற்குள் இருக்கும். அவற்றைச் சதுரமாக வெட்டிப் பொருத்தி மேல்துணி தைப்பேன். நடுவில் மெதுவான பழைய துணி இரண்டு மூன்று அடுக்கு. அடியில் ஒரு விரிப்பு. பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கையாலேயே நூலோட வேண்டும். திருகோணமலையில் போர்வை எதற்கு என்று கேட்கிறவர்கள், மழையும் காற்றுமாக இருக்கும் மார்கழியில் துறைமுகத்தடியில் ஓர் இரவு படுத்துப் பார்க்கட்டும்.

மூன்று வருடத்துக்கு முன் என் அக்கா இறந்துபோனார். அவருக்கு ஒரே ஒரு மகள். என்னைச் சின்னம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு என் மெசினின் காலடியில் வளர்ந்த பிள்ளை. தாயின் ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு அவளுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை, கிழமைக் கடைசியில் வந்துபோவார். பிள்ளை லிங்கநகரில் மாமியோடு, எங்கள் சம்பந்தியம்மாவோடு, இருந்தாள். போன நத்தாருக்கு அவள் எட்டு மாத வயிறு.

எங்கள் பக்கத்தில், பிள்ளை பிறக்க முன்னம் அதற்கென்று எதுவும் புதிதாக வாங்கமாட்டோம். பழைய துணி மட்டும் சேர்க்கலாம். பிறந்த பிள்ளையைத் தோய்த்துத் தோய்த்துப் பதமாகிப்போன பழந்துணியில்தான் முதலில் கிடத்துவது. கார்த்திகை மாதத்தில் சம்பந்தியம்மாவே எனக்குத் தொலைபேசி எடுத்து, மெதுவான பழைய சீலைகளாகப் பார்த்துச் சேர்த்துத் தரச் சொன்னார். அதே கிழமை பிள்ளையும் எடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"சின்னம்மா, அம்மாவின்ர சீலை ஒண்டாவது என்ர பிள்ளைக்கு வேணும். அம்மா பார்க்கேல்லை, அம்மாவின்ர துணியாவது படட்டும்."

இரண்டு பேர் கேட்டதும் ஒன்றுதான் என்று நினைத்தேன். அக்கா பள்ளிக்கூட ரீச்சர். வகுப்புக்கு மெல்லிய வொயில் பருத்திச் சீலை மட்டும்தான் உடுப்பார். முப்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்து அவருடைய உடுப்புகளை ஏழை எளியதுகளுக்குக் கொடுத்தபோது, ஆறு வொயில் சீலைகளை நான் எடுத்து என் அலுமாரியில் வைத்துவிட்டேன். வருடக்கணக்காகத் தோய்த்து, கஞ்சி போட்டு, வெயிலில் காய்ந்து, பூனைக்குட்டியின் காது மாதிரி ஆகியிருந்த துணி. பிறந்த பிள்ளைக்கு இதைவிடப் பதமான பழசு இந்த ஊரில் கிடைக்காது.

அந்துருண்டை மணம் போக ஆறையும் தோய்த்துப் போட்டேன். அந்தக் கிழமை முழுக்க அடைமழை. வீட்டுக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டதில், குசினிக்குப் போவதற்கும் நான் அக்காவின் சீலைகளுக்குள்ளால்தான் குனிந்து போகவேண்டியிருந்தது. அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு கத்தரிக்கோலை எடுத்தேன். மஞ்சள் பூப்போட்டது நடுவில், நீலக்கரை போட்டது சுற்றிவர, மற்ற நாலும் மாறி மாறிச் சதுரங்களாக. உள்ளே என்னுடைய பழைய படுக்கை விரிப்பை வைத்தேன். நான் இதுவரை தைத்ததில் அதுதான் திறம். தன்னடக்கம் எனக்கு இந்த விஷயத்தில் தேவையில்லை.

நத்தார் பூசை முடிந்து லிங்கநகரில் மத்தியானச் சாப்பாடு. வீடு நிறைய ஆட்கள். பொதியைக் கொடுத்தவுடன் பிள்ளை அவிழ்த்தாள். மஞ்சள் பூவைக் கண்டதும் அதைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு மாமியைப் பார்த்து, இது அம்மாவின் சீலை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சம்பந்தியம்மா குரலை உயர்த்தவில்லை. வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சி அதை மடியில் வைக்கக்கூடாது என்று சொல்லி, இரண்டு விரலால் போர்வையைப் பிடித்து எடுத்து, மூலையில் கிடந்த ஒரு கதிரையில் போட்டார். நீங்கள்தானே பழசு கேட்டீர்கள் என்றேன்.

"பழசு எண்டால் உயிரோட இருக்கிற ஆளின்ர பழசு, தங்கச்சி. செத்த ஆளின்ர சீலையில பச்சைப் பிள்ளையைக் கிடத்த ஏலுமே?"

இருந்த பொம்பிளைகள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு மனுசி என்னைப் பார்த்து, உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லாததாலே இது தெரிய நியாயமில்லை என்று எனக்குப் பரிந்து பேசினார். அந்தப் பரிவை நான் இன்னும் மறக்கவில்லை. அக்காவின் புருசன், என் அத்தான், கேக் துண்டுக்குள் கஜுப் பருப்புத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு உச்சி கொதித்தது. ஏன் என்றால் சம்பந்தியம்மாவின் கையில் கிடந்தது என் அக்காவின் காப்பு. கலியாணத்துக்குப் பிள்ளைக்குப் போட்ட நகை எல்லாமே அக்காவுடையதுதான். பிள்ளைக்குக் கை வீங்கிவிட்டது, கழற்றி எங்கேயாவது வைத்தால் தொலைந்துபோகும் என்று காப்பை வாங்கித் தன் கையில் போட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார் அந்த மனுசி. அக்காவின் காப்பைப் போட்ட கையால்தான் அக்காவின் சீலையை இரண்டு விரலால் தூக்கினார். செத்த ஆளின் தங்கத்துக்கு ஒரு தோஷமும் இல்லை, செத்த ஆளின் நூலுக்கு மட்டும் தோஷம். கோயிலில் முதல் வரிசை வாங்கில் குந்திக்கொண்டு, மரித்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று ஞாயிறுதோறும் எல்லோருக்கும் மேலாகச் சத்தம் வைத்துச் சொல்லுகிற மனுசிக்கு ஒரு வொயில் சீலை பயம்.

இதில் ஒன்றையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்றுதான் பார்த்தாள். அவள் இந்த வீட்டில்தானே பிள்ளை பெற வேண்டும், நான் வாயைக் கொடுத்துவிட்டுப் போனால் அவளுக்குத்தானே இடி என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மேல்துணியை மாற்றித் தருகிறேன் என்று சொல்லி, போர்வையை மடித்துக்கொண்டு வெளிக்கிட்டேன். வாசலில் சம்பந்தியம்மா பலகாரப் பெட்டி ஒன்றைக் கையில் திணித்துவிட்டார். அதையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அடுத்த நாளே பிரிக்கத் தொடங்கினேன். தைப்பதைவிடப் பிரிப்பது பொல்லாத வேலை. பழைய துணி, இழுத்தால் கிழியும். தையல்கடை அண்ணரிடம் போய்ப் புதுத்துணி துண்டுகள் வேண்டும் என்றபோது, ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, காலமான தன் வாப்பாவின் சாரத்தை இன்னும் தான்தான் உடுப்பதாகச் சொல்லிவிட்டு, சீருடை வெள்ளையில் நல்ல துண்டுகளாகத் தெரிந்தெடுத்துத் தந்தார்.

வெள்ளையும் இளநீலமுமாக ஒரு மேல்துணி. ஆசுபத்திரி விரிப்பு மாதிரி ஒரு சாமான். ஆனால் உள்ளே என் படுக்கை விரிப்பை எடுத்துவிட்டு, அக்காவின் சீலைச் சதுரங்களை எல்லாம் அடுக்கடுக்காக வைத்து மூடி நூலோடினேன். செய்யும்போது பெரிய கெட்டித்தனமாகத்தான் இருந்தது. புதுவருடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சம்பந்தியம்மா தடவிப் பார்த்து, இப்பதான் வடிவாயிருக்கு, என்ன மெதுமை என்று மெச்சினார். நான் உள்ளுக்குள் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில், கடற்கரையடியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. துறைமுகத்துக்குள் கள்ளச்சாமான் கொண்டு வருகிறவன் மாதிரி, என் அக்காவை அவருடைய மகளின் வீட்டுக்குள்ளேயே ஒளித்துக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். பிள்ளையிடம்கூட நான் சொல்லவில்லை.

தை மாதம் ஆண் பிள்ளை பிறந்தது. மாசியில் ஒருநாள் பகல், கச்சேரியில் இருக்கும்போது பிள்ளையிடமிருந்து அழைப்பு வந்தது. முதல்நாள் பேரன் போர்வையை நனைத்துவிட்டானாம். தோய்க்கப் போட்டாளாம். தண்ணீர் பட்டதும் வெள்ளைத் துணிக்குள்ளால் மஞ்சள் பூ தெரிந்ததாம்.

"உள்ளுக்கு அம்மாவின்ர சீலை எல்லோ?"

ஓம் என்றேன். சந்தோசப்படுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்டாள். உனக்காகத்தான் பிள்ளை, உனக்குக் கரைச்சல் வரக்கூடாது என்றுதான் என்றேன்.

"எனக்காக எண்டால் அண்டைக்கே வாய் திறந்திருப்பீங்கள், சின்னம்மா. மாமிக்குப் பயத்தில நீங்களும் அம்மாவை ஒளிச்சுத்தான் போட்டீங்கள்."

தொலைபேசியை வைத்துவிட்டாள். எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்தி, மழையில் காயவைத்து, தைத்து, பிரித்து, திரும்பத் தைத்தவள் நான். எனக்கே இந்தப் பேச்சா என்று கோப்பை மூடி வைத்துவிட்டு இருந்தேன். கோபம் ஆற ஆறத்தான், அது அவள் மேல் இல்லை என்று விளங்கியது. அந்த மத்தியானம் ஒரு வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால் அக்காவுக்காகப் பேச உரித்தான ஆள் நான் ஒருத்திதான். நான் பலகாரப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தவள்.

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, ஓட்டோ பிடித்து லிங்கநகருக்குப் போனேன். போர்வை முற்றத்துக் கொடியில் காய்ந்திருந்தது. கேட்காமலே எடுத்துக்கொண்டு விறாந்தை நிலத்தில் விரித்தேன். சம்பந்தியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை வைத்துவிட்டு எழும்பி வந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"அக்காவை வெளியில எடுக்கிறன்" என்றேன். "ஒரு மாதமாப் பேரன் இதிலதான் படுக்கிறான். மெதுமை எண்டு மெச்சினீங்கள். நானும் பேசாமல் இருந்தனான், அது என்ர பிழை. இனி இருக்கமாட்டன்."

அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. முகம் வெளிறிப்போனது. பச்சைப் பிள்ளையைத் தீட்டுப்பட்ட துடக்குத் துணியில் படுக்க வைத்துவிட்டேனே என்று தொடங்கினார். நான் வெள்ளைச் சதுரம் ஒன்றின் தையலை வெட்டி உரித்தேன். நீலக்கரை தெரிந்தது. அடுத்ததை வெட்டினேன், மஞ்சள் பூ வந்தது.

பிள்ளை அறையிலிருந்து வந்தாள். கையில் மகன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமியையும் பார்க்கவில்லை. முழந்தாளிட்டு இருந்து, நான் உரித்து முடித்த அந்தக் கையகல இடத்தில், மஞ்சள் பூவின் மேல், அவன் தலையைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் நித்திரை குழம்பவில்லை. கத்தரிக்கோல் அவனில் பட்டுவிடுமோ என்ற பயத்தில், மிச்சத் தையலை நான் பல்லால் கடித்துப் பிரித்தேன்.