வாய்க்குள் படித்தவள்

நான் உதடு அசைத்துப் படிப்பவள். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். இன்றைக்கும் அப்படித்தான். பார்த்துச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும். படித்தவர்கள் கண்ணால் மட்டும்தான் படிக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் சொல்ல வந்தவர்கள் உண்டு. கண்ணுக்கு என்ன தெரியும்? குழம்பில் உப்புக் கூடிப்போனதைக் கண்ணா சொல்கிறது? இந்த உதட்டுக்காக நான் ஒரு வீட்டையே எதிர்த்து நின்றிருக்கிறேன். இனிமேல் யார் சொல்லியும் அதை மூடப் போவதில்லை.

என் அப்பா உழுதுகொண்டிருந்த காட்டை விற்றுவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவர். போத்தனூரில், வண்டிப் பெட்டிகளைக் கூட்டிக் கழுவுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. பிரயாணம் செய்கிறவர்கள் பெட்டியில் எதையாவது விட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். குடை, செம்பு, ஒற்றைச் செருப்பு, புத்தகம். குடையைத் தேடி ஆள் வரும், செம்பைத் தேடியும் வரும். புத்தகத்தைத் தேடி யாரும் வந்ததில்லை. அதிலும் கிழிந்த புத்தகம் என்றால் ஸ்டேஷனிலேயே குப்பைக்குத்தான். அந்தக் குப்பையைத்தான் அப்பா எனக்குக் கொண்டுவருவார். முன் அட்டை இருக்காது, சிலதில் பின் அட்டையும் இருக்காது. கதையின் பெயர் என்ன, எழுதியவர் யார் என்று தெரியாமலே நான் படித்துத் தள்ளினேன். எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன், மீதியெல்லாம் ரயில்பெட்டிப் படிப்பு.

படிக்கும்போது நான் மரியாதையாக நடந்துகொள்கிறவள் இல்லை. கதையோடு மல்லுக்கு நிற்பேன். அந்தக் காலத்து நாவல்களில் வரும் பெண்கள் ஓயாமல் மயங்கி விழுவார்கள். விழுந்தால் ஒருவன் பன்னீர் தெளித்து எழுப்புவான். எழுந்ததும் அழுவார்கள். "எந்திரிச்சு நில்லுடி, உனக்கு என்ன வந்துது" என்று வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் பக்கத்தைத் திருப்புவேன். ஆனாலும் புத்தகத்தை மூடிவைக்க மாட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. சோமனூருக்குத் தெற்கே ஒரு ஊர். பருத்திக் காடு, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைக் கிணறு, தொழுவம் நிறைய மாடு என்று நல்ல வசதியான குடும்பம். என் தகரப்பெட்டியில் சேலைகளுக்கு அடியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு போனேன். சொந்தக்காரப் பெண்களுக்குச் சேலைகளைக் காட்ட வேண்டும் என்று மாமியார் பெட்டியைத் திறந்தார். அடியில் கை தட்டுப்பட்டதும் ஒன்றை வெளியே எடுத்தார்.

"இதென்ன கண்ணு, அட்டைகூட இல்லாத காயிதமா இருக்குது?"

"பொஸ்தகமுங்க அத்தை."

"எதுக்கு?"

 எதுக்கு என்றால் என்ன சொல்வது?

அந்த வீட்டில் ஒருவருக்கும் படிப்புக் கிடையாது. மாமனார் கைநாட்டு. என் வீட்டுக்காரர் மூன்றாவதோடு நின்றவர், மூட்டையின் மேல் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிச் சொல்வார். ஊரில் கதை படிப்பது என்றால் மாரியம்மன் கோயிலில் ஒருவர் உட்கார்ந்து தொண்டை கிழியப் படிப்பார், ஊரே கேட்கும். படிப்பு என்றால் அதுதான். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து ஒரு புத்தகத்தைப் படித்து முடிப்பாள் என்பதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. சத்தமில்லாமல் உதடு அசைந்தால் அது மந்திரம். அவர்களுக்கு வேறு அர்த்தம் தெரியாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் வாய் திறக்கக் கூடாது. அவரும் என்னிடம் பேச மாட்டார். நான் எதிரிலேயே நின்றாலும், "அந்தப் புள்ளைகிட்டத் தண்ணி கொண்டாரச் சொல்லு" என்று மாமியாரிடம்தான் சொல்வார். மாமியார் திரும்பி என்னிடம் சொன்ன பிறகு நான் தண்ணீர் கொடுக்க வேண்டும். கல்யாணமாகி வருஷம் ஒன்று ஆகியும் என் குரல் எப்படி இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

மத்தியானம் வேலை ஓய்ந்ததும் நான் தொழுவத்து ஓரத்தில் நிழலில் உட்கார்ந்து படிப்பேன். அந்தச் சமயம் பார்த்து எருமைக்குப் பால் வற்றியது. காரணம் எனக்குத் தெரியும். பருத்திக்கொட்டை நல்ல விலைக்குப் போகிறது என்று மாமனார் எருமைக்குப் போடுவதை நிறுத்தி, வெறும் சோளத்தட்டை மட்டும் போடச் சொல்லியிருந்தார். அதை யார் அவரிடம் சொல்வது? பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்து பற்றவைத்துவிட்டுப் போனாள்.

"ஏனுங்க, உங்க மருமக தெனமும் எருமைக்கு நேரா உக்காந்து வாய்க்குள்ளயே என்னமோ ஓதுதுங்களே."

மாமியார் அரண்டு போனார். நேரே என்னிடம் வந்தார்.

"ஏனம்மணி, மொணமொணன்னு என்னத்த ஓதறே?"

"ஓதலீங்க அத்தை. படிக்கறனுங்க."

"படிக்கறதுன்னா சத்தம் வராதா? கோயல்ல படிக்கறவரு ஊருக்கே கேக்கறாப்பல படிக்கறாரே. நீ மட்டும் யாருக்கும் கேக்காம எதுக்குப் படிக்கோணும்?"

எனக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. யாருக்கும் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் படிக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அந்த வீட்டில் எனக்கென்று கதவு போட்ட ஓர் அறை கிடையாது. உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தாய் என்பார்கள், நின்றால் ஏன் நிற்கிறாய் என்பார்கள். புத்தகத்தைப் பிரித்தால் மட்டும் யாரும் உள்ளே வர முடியாத ஓர் இடம் எனக்குக் கிடைத்தது. அதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அதையும் மந்திரம் என்றிருப்பார்.

அன்று சாயங்காலம் மாமனார் தீர்ப்புச் சொன்னார். வழக்கம்போல மாமியாரைப் பார்த்துத்தான்.

"இனிமே இந்த ஊட்டுல படிக்கறதுன்னா சத்தமாத்தான் படிக்கோணும்னு சொல்லு. ஆசாரத்துல உக்காந்து எல்லார்த்துக்கும் கேக்கறாப்பல படிக்கட்டும். கையில இருக்கற பொஸ்தகம் முடியட்டும், கேட்டுப் பாக்கலாம். நல்லதா இருந்தா பொட்டி இருந்துட்டுப் போகுது. ஏடாகூடமா இருந்துதுன்னா அத்தனையும் வெந்நி அடுப்புக்குத்தான்."

ஆசாரம் என்றால் வீட்டின் முன்கூடம். அவருடைய கயிற்றுக் கட்டில் கிடக்கிற இடம். அவர் முன்னால் வாய் திறக்கக் கூடாதவளைப் பார்த்து, அவர் முன்னால் சத்தமாகப் படி என்கிறார். அதிலிருந்த சூட்சுமம் எனக்குப் புரியாமல் இல்லை. இவள் வெட்கப்பட்டுப் படிக்க மாட்டாள், புத்தகத் தொல்லை தானாக ஒழியும் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், சண்டை என்றால் மட்டும் ஆகாது.

"கம்முனு பொஸ்தகத்தக் குடுத்துப்போடு" என்றார். "உனக்கு வேற என்ன வேணும்னு சொல்லு. திருப்பூர் போனா வாங்கியாறேன்."

"எனக்குப் படிக்கோணுமுங்க."

"அதான் ஒருக்காப் படிச்சுப்போட்டியல்ல? மறுக்கா எதுக்கு?"

"நேத்துச் சோறு தின்னீங்கல்ல. இன்னைக்கு மறுக்கா எதுக்குங்க?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் புத்தகத்தோடு ஆசாரத்துக்கு வந்து தூணோரம் உட்கார்ந்தேன். மாமனார் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். மாமியார் பருத்தியில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தார்.  பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிட ரோசம் பெரிதாக இருந்தது. ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு வாய் விட்டுப் படித்தேன். துண்டு லேசாக விலகியது. அவர் என் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கதை ஒரு பட்டணத்துப் பெரிய வீட்டு மருமகளைப் பற்றியது. அவளுக்கு வீணையும் பாட்டும் உயிர். புருஷன் கடல் கடந்து போயிருக்கிறான். அவள் பாடுவது மாமனாருக்கு ஆகாது. இதற்கு நடுவே அவள் வழக்கம்போல மயங்கி மயங்கி விழுவாள்.

"ரெண்டு எருமைக்குத் தண்ணி காட்டச் சொன்னா இந்த மயக்கமெல்லாம் போயிரும்" என்றார் மாமியார். எனக்கு அவரை அப்போது பிடித்துப்போனது. நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

தினமும் மத்தியானம் படிப்பு நடந்தது. இதற்கிடையில் எருமை மறுபடியும் கறக்க ஆரம்பித்தது. மாமியார் மாமனாருக்குத் தெரியாமல் பருத்திக்கொட்டை ஊறவைத்துப் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பால் மோர் இல்லாமல் அவருக்கு அடுப்படியில் ஓடாது. ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரிப் போயிற்று. மருமகள் வாய் விட்டுப் படித்ததும் தோஷம் கழிந்து எருமை கறந்ததாம். மாமனாரும் அதை ஆமோதித்தார்.

"பாத்தியா, வாய்க்குள்ள படிக்கறது குடும்பத்துக்கு ஆகாதுங்கறது" என்றார் மாமியாரிடம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. புத்தகம் அடுப்பிலிருந்து தப்பினாலும், இனி ஆயுசுக்கும் ஆசாரத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. சத்தமாகப் படிக்கும்போது என்னால் ஒருத்தியைத் திட்ட முடியாது, ஒரு வரியில் நின்று யோசிக்க முடியாது, பிடித்த பக்கத்துக்குத் திரும்பிப் போக முடியாது. மேலே படி, மேலே படி என்பார்கள். என் இடத்துக்குள் எல்லோரும் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெட்டியைக் காப்பாற்றினால் போதாது, என் வாய்க்குள் படிக்கிற உரிமை எனக்கு வேண்டும்.

கடைசி நாள் வந்தது. கடைசி நாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் புத்தகத்துக்கு முன்பக்கம் மட்டுமா இல்லை, முடிவும் கிடையாது. கடைசித் தாள்கள் எந்த ரயிலிலோ கிழிந்து போய்விட்டன.

கதையில் மாமனார் வீணையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறார். அவள் ஓடிவந்து குறுக்கே நிற்கிறாள். அன்றைக்கு அவள் மயங்கி விழவில்லை. தலை நிமிர்ந்து, 'இதோ பாருங்கள், நான்' என்கிறாள். அந்த இடத்தில் காகிதம் தீர்ந்துவிட்டது.

"ஏன் நிறுத்திப்போட்டா? மேல படிக்கச் சொல்லு" என்றார் மாமனார். துண்டு மடியில் கிடந்தது. எழுந்து உட்கார்ந்திருந்தார்.

மாமியாரின் கையும் பருத்தியில் நின்றுவிட்டது. நான் காலிப் பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க அங்கே பக்கமே இல்லை. புத்தகத்தைக் கையில் பிடித்தபடி தொடர்ந்தேன்.

"'நான் பாடுவேன். இந்த வீட்டில் எல்லா வேலையையும் நான் செய்கிறேன். எந்த வேலையிலும் குறை வைத்ததில்லை. இந்த ஒன்று மட்டும் என்னுடையது. இதில் யாரும் கை வைக்க வேண்டாம். வெக்க உடமாட்டனுங்க மாமா.'"

மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ பட்டணத்துக்காரியல்ல? அவளுக்கேது நம்ம பேச்சு?"

என் வாய்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. இத்தனை நாளும் புத்தகத்துத் தமிழில் பேசிய பெண்ணுக்கு ஒரே மூச்சில் எங்கள் ஊர் 'ங்க' வந்துவிட்டது. மாமனார் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். எழுத்துத் தெரியாதே தவிர, தாள் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாதா என்ன. பிறகு மாமியாரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"இப்பச் சொன்னது பொஸ்தகத்துல இருக்குதா?"

என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. நான் எழுந்து நின்றேன்.

"இல்லீங்க மாமா. பொஸ்தகம் முடிஞ்சுபோச்சுங்க. இது நான் சொல்றதுங்க."

புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். 

"பொட்டி இருந்த எடத்துலயே இருக்கோணுமுங்க. நான் படிப்பனுங்க. எனக்குத் தோணுறப்ப, வாய்க்குள்ளதான் படிப்பனுங்க."

"எருமை?" என்று மாமியார் வாய்விட்டுக் கேட்டார்.

"எருமை பருத்திக்கொட்டைக்குத்தானுங்க அத்தை கறக்குது. கதைக்கா கறக்குது?"

மாமனார் மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தார். மாமியார் தலையைக் குனிந்துகொண்டு படு மும்முரமாகத் தூசி பொறுக்கினார்.  மாமனார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர், நின்றார்.

"கெணத்துல போட்டுட்டானா அந்த வீணைய? அதையாச்சும் சொல்லு அம்மணி."

எனக்குத் தெரியும். போத்தனூரில் அந்தப் புத்தகத்தை முடித்த நாளிலிருந்து எத்தனையோ விதமாக அதற்கு நான் முடிவு கட்டிவைத்திருந்தேன்.

"தெரியுமுங்க மாமா" என்றேன். "அது வாய்க்குள்ளயே இருக்கட்டுங்க."

உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து அடுத்த புத்தகத்தை எடுத்துவந்தேன். அதே தூணோரம், அவர் பார்க்கும்படி உட்கார்ந்து பிரித்தேன். உதடு அசைந்தது. சத்தமாகப் படி என்று யாரும் சொல்லவில்லை.